வெளி முகவரி

மேற்பிரிவு, நாகலகந்த தோட்டம்,
பலாங்கொடை.
10.02.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உங்கள் சுகத்துக்காக வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. ஆகவே நீங்களும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு செய்தி. ரம்புக்கனைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் கிளார்க்காக இருக்கும் அஜந்தனுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். அவருடைய அப்பா நல்லையா மாமா நேரில் வந்து பேசினார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். நம் அப்பா உயிரோடு இல்லாததால், மாப்பிள்ளையைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வர நீங்கள் நிற்க வேண்டுமாம். "அண்ணங்காரன் இல்லாம பொண்ணு எடுத்தா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க" என்றார். ஆவணியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். லீவு எப்போது கிடைக்கும் என்று எழுதுங்கள். எனக்கு அஜந்தனைப் பிடித்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

இனிமேல் கடிதங்களை நான் வேலை செய்யும் கடைக்கே போடுங்கள்: மே/பா. புவாட் கொமியூனிகேஷன், பஸ் நிலைய வீதி, பலாங்கொடை. தோட்ட ஆபீஸுக்கு வருகிற கடிதம் எந்த மேசை லாச்சியில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. போன வருடம் ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் என் கையில் கிடைத்தது நினைவிருக்கும்.

ஈமெயில் போதாதா என்று கேட்காதீர்கள். அச்செடுத்துக் கொடுத்தாலும் அம்மா அதைக் கடிதமாகச் சேர்ப்பதில்லை. உறை வேண்டும், முத்திரை வேண்டும், அதில் கட்டார் என்று இருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது என்று தினமும் ஒரு தடவை சொல்கிறார்.

தங்கை,
விஜயகலா


டோஹா,
08.03.2008

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

நான் நலம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று எழுது. அஜந்தன் விஷயம் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டேன். லீவு பற்றி இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு என் முகம்தானே வேண்டும்? அதற்கு ஒரு வழி இருக்கிறது. கடையில் கமெரா இருக்கிறதல்லவா. சிக்கல் என்னவென்றால், உங்கள் கடையில் நான்கு கொம்பியூட்டர் இருந்தாலும் வெளி உலகுக்கு ஒரே முகவரிதான், அது ரவுட்டர் பெட்டியின் முகவரி. நம் தோட்டத்தை நினைத்துக்கொள். லய வரிசைகளில் உள்ள இருநூறு காம்பரா வீட்டுக்கும் ஆபீஸ் முகவரி ஒன்றே. ரவுட்டர், உள்ளேயிருந்து யாராவது எழுதியதற்கு வரும் பதிலைச் சரியான ஆளிடம் கொடுக்கும். வெளியிலிருந்து தானாக வருவதை யாருக்கென்று தெரியாமல் குப்பையில் போடும். என் பக்கமும் அப்படி ஒரு பெட்டி. ஆகவே நான் உன்னைக் கூப்பிட முடியாது, நீயும் என்னைக் கூப்பிட முடியாது.

இப்போது இன்டர்நெட்டுக்குப் புதிய முகவரி முறை வருகிறது, ஆறாம் பதிப்பு என்பார்கள். அதில் உலகத்தில் உள்ள ஒவ்வொரு மெஷினுக்கும், நாளைக்கு ஒவ்வொரு பல்புக்கும்கூட, சொந்த முகவரி கிடைக்கும். ஆனால் நடுவில் உள்ள பாதைகளுக்குப் பழைய முறைதான் தெரியும். அதனால் புதிய கடிதத்தைப் பழைய உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். பெட்டி வெளியுறையைப் பார்த்து விட்டுவிடும். அந்தப் பக்கம் உறையைப் பிரித்தால் உள்ளே புதிய கடிதம். இதைச் சுரங்கப்பாதை என்கிறோம். நான் சொல்லும் வகைக்கு டெரிடோ என்று பெயர். உங்கள் மெஷினிலேயே அது இருக்கிறது, தட்டி எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். கட்டளைகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
கஜேந்திரன்


பலாங்கொடை,
06.04.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் மலை ஏறும்போது மட்டும் பேசுகிறதாம், மற்ற நேரம் சும்மா இருக்கிறதாம்.

உங்கள் கடிதம் மார்ச் 31இல் வந்தது. எழுதிய திகதி மார்ச் 8, முத்திரையில் மார்ச் 20. உங்கள் அறையிலிருந்து தபால் பெட்டி அவ்வளவு தூரமா? போன வருடமெல்லாம் நான் எழுதி இருபத்தைந்து நாளில் பதில் வரும். இந்தத் தடவை ஐம்பது. அம்மா இதைக் கணக்கெடுப்பதில்லை. எனக்குத்தான் இப்படிப் பார்க்கிற புத்தி.

பல்புக்கும் முகவரி வரப்போகிறது என்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மொதல்ல நம்ம லயத்துக்கு வரட்டும்" என்றார். மேற்கொண்டு வாசிக்கச் சொல்லவில்லை.

நீங்கள் எழுதிய கட்டளைகளைப் போட்டுப் பார்த்தேன். பெரிய நீள முகவரி ஒன்று வந்தது, ஐந்து நிமிடத்தில் காணாமல் போனது. மறுபடி போட்டேன், இரண்டாம் தடவை வரவே இல்லை. கடை முதலாளி புவாட் நானா பின்னால் நின்று, "தங்கச்சி, கஸ்டமர் இருக்கிற நேரம் லைன கட் பண்ணிராதீங்க" என்று மூன்று தடவை சொன்னார். நல்ல மனிதர், ஆனால் அந்த ரவுட்டர் பெட்டியை அவர் தன் நான்காவது பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்.

நல்லையா மாமா ஆவணியைப் பற்றித் திரும்பவும் கேட்டு அனுப்பினார். லீவு என்ன ஆனது? கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதினீர்கள், கேட்டீர்களா என்று எழுதவில்லை.

தங்கை,
விஜயகலா


டோஹா,
04.05.2008

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

நலம். உங்கள் நலம் கடிதத்தில் தெரிந்தது, சந்தோஷம்.

முகவரி காணாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் ரவுட்டர் அந்த வழியையே மறந்துவிடும். அதனால் டெரிடோ அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் குமிழி என்கிறோம். உள்ளே ஒரு செய்தியும் இருக்காது. நான் இன்னும் இருக்கிறேன், வழியை மூடாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். உங்கள் மெஷினின் பாதுகாப்பு நிரல் குமிழியைத் தடுக்கிறது. அதில் ஓர் அனுமதி கொடுக்க வேண்டும், எப்படி என்று தாளில் இருக்கிறது. புவாட் நானாவிடம் சொல், அவருடைய பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. கிடைத்த நீள முகவரி சரிதானா என்று நீயே பார்க்கலாம். அதன் கடைசி எட்டு எழுத்துக்குள் உங்கள் கடையின் வெளி முகவரி ஒளிந்திருக்கும், ஆனால் தலைகீழாக. இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்துக்கொள். ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றி 255இலிருந்து கழி. உதாரணமாக f5 என்றிருந்தால் அது 245, கழித்தால் 10. இப்படி நான்கு எண் வரும். அந்த நான்கும் ரவுட்டரின் வெளி முகவரியும் ஒன்றாக இருந்தால் சுரங்கம் சரியாகத் திறந்திருக்கிறது.

இங்கே என்னோடு இருக்கும் குருவிட்ட ஊர்க்காரன் ஹஸீப் உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னான். அவன் டோஹாவின் வெயிலைத் திட்டிக்கொண்டே தேநீர் ஊற்றுகிறான்.

அண்ணன்,
கஜேந்திரன்


பலாங்கொடை,
08.06.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, மூன்றாம் நாள் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார். படுத்திரு என்றால் கேட்கிற ஆளா?

அனுமதி கொடுத்தேன், முகவரி நின்றது. கடைசி எட்டு எழுத்தைப் பிரித்துக் கழித்துப் பார்த்தேன். நான்கு எண்ணும் பெட்டியின் வெளி முகவரியோடு ஒத்துப்போயின. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. தலைகீழாகப் போட்டு ஒளித்ததை ஒரு பென்சிலும் தாளும் கொண்டு வெளியே எடுத்துவிட்டேன். புவாட் நானாவுக்கும் செய்து காட்டினேன். அவர் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

குமிழியைப் பற்றி யோசித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தையிலிருந்து உங்கள் கடிதங்கள் அப்படித்தான் இருக்கின்றன. நலம், வெயில், ஹஸீபின் சலாம். வழி மூடிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுவது போல இருக்கிறது. உங்கள் வேலை என்ன, மேலாளர் யார், என்ன சமைத்தீர்கள் என்று முன்பெல்லாம் இரண்டு பக்கம் எழுதுவீர்கள்.

ஆவணிக்கு இனி நேரமில்லை என்று நல்லையா மாமாவே தைக்குத் தள்ளிவிட்டார். அதுதான் கடைசி என்றும் சொன்னார். "தையிலயும் அண்ணன் வரலைன்னா நாங்க வேற எடம் பாக்குறதுதான் எல்லாருக்கும் நல்லது" என்று அம்மாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. உங்களால் வர முடியுமா முடியாதா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கை,
விஜயகலா


டோஹா,
06.07.2008

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

நலம். அம்மாவின் காய்ச்சல் மாறியது அறிந்து நிம்மதி.

ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் நேரம் மாலை நான்கு மணி. அம்மாவைக் கடைக்குக் கூட்டி வா. என் பக்கத்து நீள முகவரி ஒவ்வொரு தடவையும் மாறும். அதை அன்றைக்கு ஈமெயிலில் அனுப்புகிறேன். நீ அதைப் போட்டு என்னைக் கூப்பிட வேண்டும்.

தை பற்றி யோசிக்கிறேன்.

அண்ணன்,
கஜேந்திரன்


பலாங்கொடை,
25.08.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மெலிந்திருக்கிறீர்கள் என்று அம்மா சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நேற்றைய பதினொரு நிமிடத்துக்கு நன்றி. அம்மா கடைசி வரை கமெராவைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தையே பார்த்தார். அதனால் உங்களுக்கு அவருடைய நெற்றிதான் தெரிந்திருக்கும். சாப்பிட்டாயா என்று ஐந்து தடவை கேட்டார், நீங்கள் ஐந்து தடவையும் பதில் சொன்னீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மாவிடம், மகனைக் கட்டாரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

அம்மாவை லயத்தில் விட்டுவிட்டு, உங்கள் ஈமெயிலில் இருந்து எழுதி எடுத்திருந்த முகவரியைப் பிரித்தேன். சந்தேகத்தால் அல்ல. டோஹாவின் எண் எப்படி இருக்கும், அதை அம்மாவுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். கடைசி எட்டு எழுத்து, இரண்டிரண்டாக, 255இலிருந்து. முதல் இரண்டு எண்ணும் எங்கள் கடையின் வெளி முகவரியில் உள்ள அதே இரண்டு எண். பிழை விட்டேன் என்று மூன்று தடவை கழித்தேன். இன்று காலை புவாட் நானா டெலிபோன் கம்பனியில் தனக்குத் தெரிந்தவரிடம் கேட்டார். அந்த எண்கள் இலங்கைக்குள் மட்டும்தான் என்றாராம். உங்களுடையது கொழும்புப் பக்கம் என்றும் சொன்னாராம். புவாட் நானா என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து பலாங்கொடைக்கு பஸ் நாலரை மணித்தியாலம், அண்ணா. அதற்கு லீவும் தேவையில்லை, விசாவும் தேவையில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. ஆறு மாதமாக நான் ஆவணியா தையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைவிட, உங்களுக்கு என்ன நடந்தது என்ற பயம் அதிகமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

இதை ஈமெயிலில் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் வாசிப்பீர்கள். அனுப்பப் போவதில்லை. வழக்கம்போல டோஹா தபால் பெட்டிக்கே போடுகிறேன். அங்கே யார் எடுத்து உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறாரோ, அவர் அனுப்பி உங்கள் கைக்கு வர இன்னும் இருபத்தைந்து நாளாவது ஆகும். அதற்குள் நீங்களாகவே சொன்னால் நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

தங்கை,
விஜயகலா


வெள்ளவத்தை, கொழும்பு.
14.09.2008

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நான் உடம்புக்கு நலம். முத்திரையைப் பார்த்திருப்பாய்.

நேற்று ஹஸீப் அனுப்பிய பொட்டலத்தில் உன் கடிதம் ஒன்றும் இல்லை. முகம் பார்த்த பிறகு நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. அது வருவதற்கு முன் நான் இதை எழுதியாக வேண்டும்.

போன டிசம்பரில் கம்பனியின் ஒப்பந்தம் முடிந்து இருபது பேரை அனுப்பிவிட்டார்கள், அதில் நானும் ஒருவன். கட்டுநாயக்காவில் இறங்கி பலாங்கொடை பஸ்ஸில்தான் ஏறினேன். குருவிட்ட வரை வந்தேன். அங்கே இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். என்னை அனுப்பிய நாள் உனக்கு நினைவிருக்கும். பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பெரிய கங்காணி எனக்கு மாலை போட்டார். நம் தோட்டத்திலிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வெளிநாடு போகிற முதல் ஆள் என்று சொன்னார். அந்தக் களத்தைத் தாண்டாமல் நம் லயத்துக்குப் போக முடியாது. ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவனாக அதைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. இன்னொரு வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்போது ஒரு நெட் கடையில் ரிப்பேர் செய்கிறேன்.

கடிதங்களை நான் எழுதி, உறையில் உன் பெயரெழுதி, அதை இன்னொரு உறையில் போட்டு ஹஸீபுக்கு அனுப்புவேன். அவன் முத்திரை ஒட்டிப் போடுவான். அவனைத் திட்டாதே, ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

இங்கே தங்க பொலிஸில் பதிய வேண்டும். நிரந்தர முகவரி கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். வீட்டு இலக்கம் கேட்டார்கள். இலக்கம் இல்லை என்று சிங்களத்தில் விளக்க அரை மணித்தியாலம் ஆனது. அம்மாவின் பெயரையும் அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

24ஆம் திகதி என் முகவரியை உனக்கு அனுப்பிய பிறகுதான், அதைப் பிரிக்க உனக்கு நானே சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. இந்த வரியும் பொய். அனுப்புவதற்கு முன்பே நினைவுக்கு வந்தது. அனுப்பினேன். நீ கேட்பாய் என்று மூன்று வாரம் ஒவ்வொரு நாளும் ஈமெயிலைத் திறந்தேன். நீ கேட்கவில்லை. உன்னைக் கேட்கவைப்பதும் ஒரு கோழைத்தனம்தான் என்று அப்புறம் புரிந்தது.

உன் கல்யாணம் என்னால் நின்றுவிடக் கூடாது. நான் வருகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்வாயா?

அண்ணன்,
கஜேந்திரன்


பலாங்கொடை,
20.09.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் இரண்டே நாளில் வந்துவிட்டது.

டோஹா வழியாக என் கடிதம் ஒன்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கிடைத்தால் பிரிக்க வேண்டாம், கிழித்துப் போடுங்கள். அதில் ஒன்றுமில்லை.

அம்மாவிடம் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். மாலை போட்ட இடம் வந்தபோது நிறுத்தச் சொல்லி, திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு கொழுந்துக் கூடையைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

புதன் காலை பெரட்டுக்களத்தில் நானும் இருந்தேன், பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கம்மா என்றதும் அம்மா வந்தேன் என்று சொல்லவில்லை. முன்னால் போய் நின்றார்.

"எம் மகன் கஜேந்திரனுக்கு கட்டாருல வேல முடிஞ்சிருச்சு. ஒம்பது மாசமா கொழும்புல இருக்கான். தங்கச்சி கல்யாணத்துக்கு வாறான். கேக்க வேண்டியவங்க இப்பவே என்கிட்ட கேட்டுருங்க. அவன் வந்தப்புறம் ஒருத்தரும் கேக்கக் கூடாது."

சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. முதலில் பக்கத்து லயத்து ஷாமிளாவின் அம்மாதான் வாயைத் திறந்தார். கொழும்பில் அந்தக் கடையில் தன் மகளுக்கு டைப்பிங் வேலை ஏதாவது இருக்குமா என்று கேட்டார். கங்காணி, "தங்கம்மா, மத்தவங்க பேர கூப்புட வுடு ஆத்தா" என்றார். அம்மா போய் வரிசையில் நின்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மலைக்குப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான் அண்ணா, நீங்கள் ஒன்பது மாதம் பயந்தது.

அஜந்தனிடம் நான் சொன்னேன். அவர் தன் அப்பாவிடம் சொன்னார். நல்லையா மாமா, தையில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். அவர் கேட்டது பெண்ணின் அண்ணனை. கட்டாரில் இருக்கிற அண்ணனை அவர் கேட்கவே இல்லை.

தை வரை காத்திருக்க அம்மாவால் முடியாது. ஒக்டோபர் பௌர்ணமிப் போயாவுக்கு வாங்க, அன்றைக்குக் கடையும் பூட்டு, மலையும் லீவு. எத்தனை மணி பஸ் என்று எழுதி அனுப்ப வேண்டாம். எழுதினாலும் பிரயோசனமில்லை. முதல் பஸ் வருவதற்கு முன்பே அம்மா ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிடுவார்.

தங்கை,
விஜயகலா